குரூப் மாறினால் குடி முழுகிவிடாது

போன வாரம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மகனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். பையன் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. பத்தாம் வகுப்பில் 371 மார்க், எடுத்திருப்பது கணிதமும் அறிவியலும் உள்ள ஃபர்ஸ்ட் குரூப். முதல் இடைத்தேர்வில் இயற்பியலில் ஐம்பதுக்கு ஒன்பது. ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே இருந்த இரண்டு நண்பர்களும் வேறு குரூப்புக்குப் போய்விட்டார்கள். இவன் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து மதியச் சாப்பாட்டையும் தனியாகவே சாப்பிடுகிறான்.

அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "நாமக்கல் பக்கம் எந்த ஹாஸ்டல் பள்ளியில சேர்க்கலாம் சார்? அவன் பெரியப்பா, நகையை வச்சாவது சேர்த்துடுங்கன்னு சொல்றார்."

பிளஸ் ஒன்னில் முதல் சில மாதங்கள் எல்லாப் பிள்ளைகளுக்கும் தடுமாற்றம்தான், பாடத்தின் கனமே வேறு, கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் ஆரம்பித்தேன். அப்புறம் பையனிடம், "லீவுல என்னப்பா பண்ணுவ?" என்று கேட்டேன். அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் மோட்டார் காயில் கட்டும் கடையில் உட்கார்ந்திருப்பானாம். எரிந்துபோன காயிலை வெட்டி எடுத்து, சுற்றுகளை எண்ணி, அதே தடிமன் கம்பியில் புதிதாகச் சுற்றி, வார்னிஷ் ஊற்றிக் காயவைப்பது வரை மூச்சு விடாமல் சொன்னான். விரல் நுனியில் வார்னிஷ் கறை இன்னும் இருந்தது.

அதற்குமேல் ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த அம்மாவிடம் சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன்.

நகையை வைக்காதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத்தான் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. அதில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மேற்படிப்பு சேர்ந்ததும் மாதம் 1000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். ஐந்து வருஷம் சேர்த்துவைத்த உரிமையைக் கடைசி இரண்டு வருஷத்தில் தனியார் பள்ளிக்குப் போய்க் கைவிட்டு, அதற்கு நகையையும் அடகு வைப்பதா? பெரியப்பா நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். வட்டி கட்டப்போவது அவர் இல்லை.

சரி, வேறு என்ன செய்வது? அதே பள்ளியிலேயே தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. 1978இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ வந்தபோதே கூடவே வந்த பிரிவு. ஊரில் அதற்கு "படிப்பு வராதவன் குரூப்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்தப் பையனுக்குப் பொருத்தமானது அதில் உள்ள அடிப்படை மின் பொறியியல். மொழிப்பாடங்கள் எல்லோருக்கும் உள்ளவைதான். ஆனால் தொழிற்பாடத்தில் கருத்தியல் (தியரி) ஒரு பாடம், செய்முறை தனியாக இன்னொரு பாடம். இவன் கடையில் கையால் கற்றதற்கு இங்கே மார்க் விழும்.

மேலே போக வழி இல்லை என்பதும் பொய். பிளஸ் டூ முடித்தால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு. இரண்டே வருஷத்தில் டிப்ளமோ. டிப்ளமோவை வைத்து பி.இ.யிலும் நேராக இரண்டாம் ஆண்டு, மூன்று வருஷம். கூட்டிப் பாருங்கள், இன்றிலிருந்து ஏழு வருஷம். ஃபர்ஸ்ட் குரூப் வழியில் ஆறு. அந்த ஒரு வருஷத்துக்குப் பதிலாகக் கையில் டிப்ளமோ இருக்கும், நடுவில் எங்கே நின்றாலும் வேலைக்குப் போகலாம். பொறியியல் கலந்தாய்விலேயே தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனித் தரவரிசையும் தனி இடங்களும் உண்டு. இடங்கள் குறைவு, எல்லாப் பொறியியல் பிரிவுகளும் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று, பல ஆசிரியர்களுக்கே தெரியாதது. தொழிற்கல்வியில் பிளஸ் டூ முடித்தவர்களுக்கென்றே தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) சட்டத்தில் தனி வகை இருக்கிறது. ஒரு வருஷம் நிறுவனத்தில் உதவித்தொகையோடு பயிற்சி. தென் மாநிலங்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் சென்னை தரமணியில் இருக்கிறது.

டாக்டர் ஆக வேண்டும் என்றால் இந்த மின் பிரிவு ஆகாது. நீட்டுக்கு வேண்டிய பாடங்கள் இதில் இல்லை. அதனால் பையனிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது முறை கேட்டபோது சிரித்தான். "ரத்தம் பார்த்தா மயக்கம் வரும் சார்."

ஆண்டு நடுவில் போனால் மாற்றம் கடினம். அதனால் இந்த வாரமே தலைமை ஆசிரியரைப் பாருங்கள். ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒரு வேலை இருக்கிறது. பல பள்ளிகளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஓய்வு பெற்ற பிறகு அந்த இடத்தை நிரப்பவே இல்லை. ஆய்வகச் சாவி யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, திறந்து காட்டச் சொல்லுங்கள். பையனையும் உள்ளே கூட்டிப் போங்கள். ஒயரிங் போர்டில் போன வருஷப் பிள்ளைகள் மாட்டிய கம்பி இருக்கிறதா, ஒட்டடை இருக்கிறதா என்று அவனே பார்த்துச் சொல்வான். ஒட்டடைதான் என்றால் மாற்றிவிடாதீர்கள். எனக்குப் போன் செய்யுங்கள், பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் இந்தப் பிரிவு ஒழுங்காக நடக்கும் வேறு அரசுப் பள்ளியைத் தேடுவோம்.