என்ஜின் மாற்றிய பிறகு வண்டி நின்றுபோகிறதா? கடற்கரைப் பக்கத்துக் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் ஒரே சங்கதிதான் திரும்பத் திரும்ப வருகிறது. அடிபட்ட வண்டியிலிருந்தோ காயலான் கடையிலிருந்தோ என்ஜின் வாங்கி ஏற்றியிருக்கிறார்கள், ஸ்டார்ட் ஆகிறது, ஓடுகிறது, அப்புறம் நின்றுவிடுகிறது. உடனே "என்ஜின் சரியில்லை, ஏமாத்திட்டாங்க" என்று விற்றவரிடம் சண்டைக்குப் போய்விடுகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். சத்தமில்லாமல், புகையில்லாமல், எடுப்பு குறையாமல் ஓடிவிட்டு நிற்கிற என்ஜின் பெரும்பாலும் நல்ல என்ஜின்தான். மாற்றும்போது கழற்றிய வயர், ஹோஸ், கனெக்டர், எர்த் இதில் ஏதோ ஒன்று சரியாகத் திரும்பப் போகவில்லை. நம்ம ஊரில் அதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். என்ஜினை மறுபடி இறக்குவதற்கு முன்னால், எப்போது நிற்கிறது என்பதை மட்டும் கவனமாகப் பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

பாம்பனிலிருந்து: அண்ணே, மாருதி 800, எம்.பி.எஃப்.ஐ (கார்புரேட்டர் இல்ல, இன்ஜெக்டர் வண்டி). வேற என்ஜின் போட்டதுல இருந்து சிக்னல்ல நின்னா தானா ஆஃப் ஆகுது. ஹெட்லைட், ஃபேன் போட்டா இன்னும் சீக்கிரம் ஆஃப் ஆகுது. பிளக், பெட்ரோல் ஃபில்டர், பம்ப் எல்லாம் மாத்தியாச்சு. இப்ப இ.சி.எம் போயிருச்சுன்னு சொல்றாங்க.

இ.சி.எம் (என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டர்) வாங்காதீர்கள் தம்பி. முதலில் எர்த் பாருங்கள். லைட் போட்டால் சீக்கிரம் நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்களே, அதுதான் துப்பு.

பேட்டரி மைனஸிலிருந்து பாடிக்கு ஒரு வயர், என்ஜின் அல்லது கியர்பாக்ஸுக்கு ஒரு வயர் போகும். சென்சார், இன்ஜெக்டர், காயில் எல்லாம் இதை நம்பித்தான் வேலை செய்கின்றன. இந்த எர்த் சரியில்லாவிட்டால் சென்சார் சொல்கிற கணக்கு தப்பாகப் போகும், லோடு ஏற ஏற இன்னும் தப்பாகும், ஐடிலிங் தாங்காது. என்ஜின் மாற்றும்போது இது கெட்டுப்போவதற்குத் தனியாக ஒரு காரணம் உண்டு. பழைய என்ஜினைப் பார்வையாக்க சில்வர் பெயிண்ட் அடித்துத் தருவார்கள், அந்தப் பெயிண்ட் மேலேயே எர்த் வயரை வைத்து போல்ட் முடுக்கிவிடுவார்கள். பார்க்க இறுக்கமாக இருக்கும், கரண்ட் சரியாகப் போகாது. இரண்டாவது நம்ம கடல். பாம்பன், மண்டபம் பக்கத்து வண்டிகளில் எர்த் வயர் முனையிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி ரப்பரை வெட்டிப் பாருங்கள். வெளியே நல்ல கறுப்பு ரப்பராக இருக்கும், உள்ளே செம்பு பச்சைப் பொடியாக உதிரும். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், மல்டிமீட்டரால் பாருங்கள். என்ஜின் ஓடட்டும், ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போடுங்கள். மீட்டரை டி.சி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸ் முனையிலேயே வையுங்கள், சிவப்பு முனையைப் பெயிண்ட் இல்லாத என்ஜின் இரும்பில் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.3, 0.4 என்று காட்டினால் கோளாறு அங்கேதான். அதே மாதிரி என்ஜினுக்குப் பதிலாக பாடியில் வைத்தும் ஒருமுறை பாருங்கள். ஸ்டார்ட்டர் அடிக்கும்போது என்ஜின் பக்கம் அரை வோல்ட்டைத் தாண்டக்கூடாது. கையோடு பேட்டரி இரண்டு முனைக்கும் நடுவே பார்த்தால், என்ஜின் ஓடும்போது 13.5-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும், அது இல்லையென்றால் ஆல்டர்னேட்டர் வயரையும் சந்தேகப்படுங்கள்.

சரிசெய்வது சுலபம். உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியவேண்டும், புது வயர், நட்சத்திர வாஷர், இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின் தடவுங்கள். முதலில் தடவிவிட்டு முடுக்க வேண்டாம்.

கீழக்கரையிலிருந்து: ஸ்விஃப்ட். என்ஜினோட இ.சி.எம்மும் சேர்த்து வாங்கிப் போட்டோம். ஸ்டார்ட் ஆகி ரெண்டு செகண்ட்ல ஆஃப் ஆகிடுது, ஒவ்வொரு தடவையும் அப்படியே.

மீட்டரில் சாவிப் படம் மினுக்குகிறதா பாருங்கள். மினுக்கினால் இம்மொபிலைசர். உங்கள் சாவியை அந்த இ.சி.எம்முக்குத் தெரியாது, அதனால் பெட்ரோலை நிறுத்திவிடுகிறது. பழைய இ.சி.எம் அதே மாடல்தான் என்றால் அதையே திரும்பப் போடுங்கள், இல்லையென்றால் ஸ்கேனர் வைத்திருக்கிறவரிடம் போய் சாவியைச் சேர்க்கச் சொல்லுங்கள். என்ஜினில் கை வைக்க வேண்டாம். இன்னொன்று, பழைய கார்புரேட்டர் வண்டிகளிலும் இதே மாதிரி நடக்கும், ஆனால் காரணம் வேறு. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்வரை ஓடி, கையை விட்டதும் நின்றால், சாவி ஆன் நிலையில் காயிலுக்கு 12 வோல்ட் வர வேண்டிய வயர் அல்லது அதில் இருக்கிற ரெசிஸ்டர் போயிருக்கும்.

மண்டபத்திலிருந்து: மீன் ஏத்துற ஆம்னி. கார்புரேட்டர் வண்டியில எம்.பி.எஃப்.ஐ என்ஜின் இறக்கியிருக்கோம். தெருவுல நல்லா ஓடுது, லோடோட பாலம் ஏறும்போது மூச்சு முட்டி நின்னுடுது.

என்ஜின் மாறிவிட்டது, பெட்ரோல் லைன் மாறவில்லை என்று நினைக்கிறேன். கார்புரேட்டருக்கு இருந்த பம்ப் அரை பார் பிரஷர்கூடத் தராது. இன்ஜெக்டருக்குச் சுமார் 3 பார் வேண்டும். அதற்கு எலக்ட்ரிக் பம்ப் போட்டிருப்பீர்கள், இல்லாமல் ஓடவே ஓடாது. ஆனால் எங்கே போட்டிருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். வெளியே சேஸிஸில் மாட்டியிருந்தால் அது டேங்கிலிருந்து உறிஞ்ச வேண்டும், இந்தப் பம்ப் தள்ளுவதில் கெட்டிக்காரன், உறிஞ்சுவதில் இல்லை. பழைய டேங்கில் உறிஞ்சுகிற குழாயைச் சுற்றிக் கிண்ணமும் கிடையாது. கால் டேங்க் பெட்ரோலோடு மேட்டில் ஏறினால் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை இழுக்கும், நின்றுவிடும். எம்.பி.எஃப்.ஐ வண்டியின் டேங்கையே பம்ப்போடு சேர்த்து வாங்கிப் போடுவதுதான் நிரந்தர வழி. அதுவரை முக்கால் டேங்குக்குக் குறையாமல் ஓட்டிப் பாருங்கள், நிற்காவிட்டால் நான் சொன்னது உறுதி. வெளியே விடுகிற ஹோஸும் கிளிப்பும் இன்ஜெக்‌ஷன் பிரஷருக்கு உரியவையாக இருக்க வேண்டும், சாதா ஹோஸ் கழன்று பெட்ரோல் பீய்ச்சினால் வண்டி தீப்பிடிக்கும். ஆம்னியில் என்ஜின் உங்கள் சீட்டுக்குக் கீழேதான் இருக்கிறது.

மீன் வண்டி என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐஸ் உருகி வழிகிற தண்ணீர் சும்மா தண்ணீர் இல்லை, உப்புத் தண்ணீர். தரையில் இருக்கிற ஓட்டை வழியே கீழே இறங்கி, பம்ப் கனெக்டரையும் வயர் ஜாயிண்டையும் அரித்துவிடும். முறுக்கி டேப் சுற்றிய ஜாயிண்ட் எங்கே இருந்தாலும் வெட்டி எறிந்துவிட்டு, சால்டர் வைத்து, பசை உள்ள ஹீட் ஸ்லீவ் போடுங்கள். பெட்டிக்கு அடியில் கெட்டியான ரப்பர் ஷீட் விரித்து, தண்ணீர் வெளியே போக ஒரு குழாய் வையுங்கள். தயவுசெய்து இது சரியாகும்வரை பாம்பன் இந்திரா காந்தி சாலைப் பாலத்தில் லோடோடு ஏறாதீர்கள். அந்தக் காற்றில், பின்னால் பஸ் வரும்போது வண்டி நின்றால் ஒதுங்க இடம் கிடையாது.

தொண்டியிலிருந்து: டீசல் ஜீப். என்ஜின் மாத்தினதுக்கு அப்புறம் காலையில ஸ்டார்ட் ஆகி ஒரு நிமிஷம் ஓடி நிக்குது. கைப்பம்ப் அடிச்சா மறுபடி ஓடுது.

ஏர் பிடிக்கிறது. ராத்திரி முழுக்க டீசல் டேங்குக்குத் திரும்பி இறங்கி, லைனில் காற்று நிற்கிறது. முதலில் ஃபில்டர் பக்கத்து போல்ட்களில் இருக்கும் செம்பு வாஷர்களை மாற்றுங்கள், கழற்றியதையே திருப்பிப் போட்டிருப்பார்கள். அப்புறம் ஃபில்டருக்கும் இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்கும் நடுவே உள்ளே ஓடுவது தெரிகிற பிளாஸ்டிக் டியூப் ஒன்று போட்டு ஓட விடுங்கள், குமிழி தெரிந்தால் அதற்கு முன்னால்தான் எங்கோ இழுக்கிறது. வெளியே டீசல் ஒழுகவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் உறிஞ்சுகிற லைன், அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். வரத்து, ரிட்டர்ன் ஹோஸ் இரண்டும் இடம் மாறவில்லையே என்றும் பாருங்கள். வல்லத்துக்கு (படகுக்கு) வாங்கி வைத்த கேன் டீசலை ஊற்றுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அதில் தண்ணீர் கலந்திருக்கும். ஃபில்டர் அடியில் இருக்கும் திருகைத் தளர்த்தினால் நீங்களே பார்க்கலாம்.

ஏர்வாடியிலிருந்து: ராமநாதபுரம் வரைக்கும் ஒண்ணும் இல்ல, ஊருக்குள்ள வந்து சூடானதும் பட்டுன்னு நிக்குது. அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது.

பட்டென்று நிற்கிறதா, தள்ளாடி நிற்கிறதா என்பது முக்கியம். பட்டென்று என்றால், என்ஜின் சுழல்வதை இ.சி.எம்முக்குச் சொல்கிற கிராங்க் சென்சார்மேல்தான் எனக்குச் சந்தேகம். சூட்டில் அதன் உள் சுற்று அறுந்து, ஆறியதும் திரும்பச் சேரும். நின்ற உடனே ஸ்டார்ட்டர் அடித்து ஆர்.பி.எம் முள் கொஞ்சமாவது அசைகிறதா பாருங்கள், ஸ்கேனர் இருந்தால் அதில் பாருங்கள். சுழலும்போதும் பூஜ்யமே காட்டினால் சென்சார், அல்லது அதன் வயர் சைலன்சரில் பட்டு உருகியிருக்கும். என்ஜின் மாற்றும்போது வயரைப் பழைய கிளிப்பில் மாட்டாமல் தொங்கவிட்டால் இப்படித்தான் ஆகும்.

தள்ளாடி, கறுப்புப் புகையோடு நின்றால் வேறு கதை. டெம்பரேச்சர் சென்சார் இரண்டு இருக்கிற வண்டிகள் உண்டு, ஒற்றை வயர் மீட்டருக்கு, இரட்டை வயர் இ.சி.எம்முக்கு. இப்போது என்ஜினில் இருக்கிற சென்சார் உங்கள் இ.சி.எம்முக்கு உரியதாக இல்லாவிட்டால் அளவு மாறும், என்ஜின் சூடான பிறகும் குளிர்ந்திருப்பதாக நினைத்து இ.சி.எம் பெட்ரோலை அள்ளி ஊற்றும். அப்புறம், டேங்க் மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று இழுக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள், மூடியில் மணல் அடைத்திருந்தாலும் இதே மாதிரி நிற்கும்.

தேவிபட்டினத்திலிருந்து: பிரேக் மிதிச்சா ஆஃப் ஆகுது.

பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டருக்குப் போகும் வேக்கம் ஹோஸைப் பாருங்கள். என்ஜின் பக்கம் கழற்றி, அந்த ஓட்டையை விரலால் அடைத்து, வண்டி நின்ற இடத்திலேயே ஐடிலிங் விடுங்கள். சீரானால் ஹோஸோ பூஸ்டரோ காற்று விடுகிறது. இந்தச் சோதனையின்போது வண்டியை நகர்த்தவே கூடாது, பிரேக் கல் மாதிரி இருக்கும். பிரேக் தொடாமல் கிளட்ச் மட்டும் மிதித்தாலும் நிற்கிறது என்றால் த்ராட்டில் பாடியைக் கழற்றிக் கரியைச் சுத்தம் செய்யுங்கள்.

சாயல்குடியிலிருந்து: பெட்ரோல் அம்பாசடர்ல டீசல் என்ஜின் போட்டிருக்கோம். நிக்கிறது சரியாயிருச்சு, ஆனா பிரேக் கட்டையா இருக்கு. ஆர்.சி.யில ஏதாவது செய்யணுமா?

நிற்கிற கோளாறைவிட இது அவசரம். உங்கள் வண்டியில் பிரேக் பூஸ்டர் இருந்தால், பெட்ரோல் என்ஜின் மேனிஃபோல்டிலிருந்து அதற்கு வேக்கம் கிடைத்துக்கொண்டிருந்தது. டீசலில் அப்படிக் கிடைக்காது, ஆல்டர்னேட்டரோடு சேர்ந்த வேக்கம் பம்ப் வேண்டும். அது இருக்கிறதா, ஹோஸ் கொடுத்திருக்கிறார்களா, ஆயில் லைன் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். பார்க்கிறவரை கிழக்குக் கடற்கரைச் சாலையில் எடுக்க வேண்டாம்.

ஆர்.சி.யில் கட்டாயம் செய்ய வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. பெட்ரோலை டீசலாக்குவது என்றால் போடுவதற்கு முன்பே அனுமதி வாங்கியிருக்க வேண்டும், மாற்றிய பிறகு 14 நாளுக்குள் தெரிவிக்கவும் வேண்டும். நீங்கள் போட்டுவிட்டீர்கள், இனி தள்ளிப்போடாமல் என்ஜின் வாங்கிய பில், அது வந்த வண்டியின் ஆர்.சி. நகல் இரண்டையும் எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய் நேரில் பேசுங்கள். பில் இல்லை என்றால் விற்றவரிடம் இப்போதே கேட்டு வாங்குங்கள். ஆர்.சி.யில் ஒரு நம்பர், என்ஜினில் ஒரு நம்பர் என்று இருக்கும்போது ஏதாவது விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் பணம் வாங்குவது பெரும்பாடு.