மூன்று லீற்றர் எஞ்சினும் நான்கு சிறு வாஷர்களும்

வாகனப் பகுதி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: வாடகைக்கு ஓடுவதற்காகப் பாவித்த கே.டி.எச். வான் ஒன்றை வாங்க எண்ணியுள்ளேன். அதில் இருப்பது 1கேடி எனப்படும் மூன்று லீற்றர் டேர்போ டீசல் எஞ்சின். நல்ல எஞ்சின் என்று சிலரும், குழம்பினால் வானை விற்றுத்தான் திருத்த வேண்டும் என்று சிலரும் சொல்கிறார்கள். அதன் விபரங்களையும் பலவீனங்களையும் அறியத் தருவீர்களா?
— வாசகர், பரந்தன்

பதில்: இரு தரப்பினரும் சொல்வது உண்மையே. ஆனால் இரண்டாம் தரப்பினர் சொல்லும் நிலைக்கு ஓர் எஞ்சின் ஒரே நாளில் வந்து சேர்வதில்லை.

டொயோட்டாவின் 1கேடி-எஃப்டிவி 2000 ஆம் ஆண்டளவில் பிராடோ போன்ற ஜீப் வகைகளில் வந்து, பின்னர் ஹைலக்ஸிலும், நீங்கள் கே.டி.எச். என்று சொல்லும் ஹைஏஸ் வானிலும் பூட்டப்பட்டது. நான்கு சிலிண்டர்கள், பதினாறு வால்வுகள், 2,982 கன சென்ரிமீற்றர் கொள்ளளவு. சிலிண்டரின் விட்டம் 96 மில்லிமீற்றர். பிஸ்டனின் ஓட்டம் 103 மில்லிமீற்றர். விட்டத்தை விட ஓட்டம் நீளமாக இருப்பதால் குறைந்த சுற்றிலேயே இழுவை கிடைக்கிறது. பன்னிரண்டு பேரையும் பொதிகளையும் ஏற்றிக்கொண்டு புறப்படும் வானுக்கு வேண்டியதும் அதுதான். ஹைலக்ஸில் 163 குதிரைவலுவும் 343 நியூட்டன் மீற்றர் முறுக்கு விசையும் தருகின்ற இதே எஞ்சின், ஹைஏஸில் ஏறத்தாழ 136 குதிரைவலுவுக்கும் 300 நியூட்டன் மீற்றருக்கும் மட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. இதைக் குறையாக எண்ண வேண்டாம். நாள் முழுதும் சுமையோடு ஓடும் எஞ்சினிடம் குறைவாகக் கேட்பது அதன் ஆயுளுக்கு நல்லது என்பதே என் கருத்து. அந்த வகையில், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியை மாற்றி வலுவைக் கூட்டித் தருவதாக யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2கேடி என்பது இதன் தம்பி. அதன் கொள்ளளவு 2,494 கன சென்ரிமீற்றர், வலு குறைவு, பலவீனங்கள் பெரும்பாலும் ஒன்றே.

பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்கும் வார்ப்பிரும்பாலான புளொக்கும் மிக உறுதியானவை; அவை தாமாகக் கெடுவது அரிது. கெடுதி தொடங்கும் இடம் பெரும்பாலும் இன்ஜெக்டர். நான்கு இன்ஜெக்டர்களுக்கும் ஒரே குழாயில் டீசலை அழுத்தித் தேக்கிக் கொடுக்கும் கொமன் ரெயில் முறையில் டீசலின் அழுத்தம் 1,500 பார் அளவையும் தாண்டும். அந்த அழுத்தத்தில், மிக நுண்ணிய துளைகளூடாக, ஒரு சுழற்சியிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட தடவை டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு வயது ஏறும்போது தெளிப்பின் அளவும் வடிவமும் பிசகுவது இயல்பு. இதிலும் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு இன்ஜெக்டரும் எஞ்சினின் மேற்பகுதியான ஹெட்டில் அமரும் இடத்தில் அடியிலே இருக்கும் மெல்லிய வாஷர். அது தன் இறுக்கத்தை இழந்தால் எரிந்த வாயு மேலேறி, ஹெட்டை மூடும் டப்பட் கவருக்குள் நுழைந்து, அங்குள்ள ஒயிலைத் தார் போன்ற கரிக்கட்டியாக்கும். அந்தக் கட்டிகள் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்ப்புக்கு இறங்கி, ஒயில் பம்ப் உறிஞ்சும் குழாயின் வலையில் சேர்ந்து அதை மெல்ல மெல்ல அடைத்துவிடும். ஒயில் போதாமல் முதலில் வருந்துவது, எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டேர்போவின் தண்டு. அடுத்து கிராங்கின் பெயாரிங்குகள். டேர்போ போய்விட்டது என்று புதியது வாங்கிப் பூட்டி, வலையைக் கழற்றிப் பார்க்காமல் விட்டு, சில மாதங்களில் அதையும் இழந்தவர்கள் உண்டு. ஒரு சிறு வாஷருக்குச் செலவிடாததற்கு எஞ்சின் ஒன்றின் விலையைக் கொடுக்க நேர்வது இப்படித்தான்.

இரண்டாவது பலவீனம் பிஸ்டன். தெளிப்புப் பிசகிய இன்ஜெக்டர் ஒன்று பிஸ்டனின் தலையிலுள்ள கிண்ணத்தின் விளிம்பை ஓரிடத்தில் அளவுக்கு மேல் சூடாக்கினால் அங்கே விரிசல் விழும். அதுவும் இன்ஜெக்டரின் தொடர்ச்சி என்பதால், இரண்டையும் வெவ்வேறு நோய்களாக நான் கருதுவதில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை சில. விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திராத காலை வேளையில் போங்கள். முதலில் ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உட்புறத்தில் கட்டியான கரி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பாக இருப்பது இயல்பு. கட்டி பிடித்திருப்பது இயல்பல்ல. அதன்பின் ஸ்ராட் செய்து, சூடேறியதும், ஸ்கானர் வைத்திருக்கும் ஒருவரைக் கொண்டு நான்கு இன்ஜெக்டர்களுக்கும் கணினி செய்யும் திருத்த அளவுகளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓய்வோட்டத்தில் (மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) ஏதாவதொன்று மூன்று கன மில்லிமீற்றருக்கு மேலாகக் கூடியோ குறைந்தோ நின்றால் அந்த இன்ஜெக்டரின் செலவை விலையில் கழித்துப் பேசலாம். ஸ்கானர் வைக்க விடமாட்டேன் என்பவரோடு பேரம் பேச வேண்டியதில்லை, எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய பின்னர் செய்யும் முதல் வேலை, இருக்கைத் துணி மாற்றுவதோ பாட்டுப்பெட்டி பூட்டுவதோ அல்லாமல், நான்கு வாஷர்களையும் மாற்றிச் சம்ப்பைக் கழற்றி வலையைப் பார்ப்பதாக இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் பிக்கப் வாகனம் காலையில் ஸ்ராட் செய்தவுடன் ‘டக் டக்’ என்று அடிக்கிறது, வெண்புகையும் வருகிறது. சூடேறியதும் சத்தம் நின்றுவிடும். நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்ற வேண்டும் என்று கராஜில் சொன்னார்கள். உண்மையில் நான்கையும் மாற்றத்தான் வேண்டுமா?
— வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: அளந்து பார்க்காமல் நான்கையும் மாற்றச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். குளிர்ந்த எஞ்சினில் அடித்துச் சூடேறியதும் அடங்கும் சத்தம் இன்ஜெக்டரையே பெரும்பாலும் சுட்டுகிறது. ஆயினும் எது என்பதைத் திருத்த அளவுகளும், ஒவ்வொன்றும் திருப்பி அனுப்பும் டீசலின் அளவும் காட்டித் தரும். ஒன்று மட்டும் பிசகியிருந்து மற்ற மூன்றும் சீராக இருந்தால் அந்த ஒன்றோடு நிறுத்தலாம். வாகனம் இரண்டு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டி, இன்ஜெக்டர்கள் நான்கும் முதலிலிருந்தே உள்ளவையாக இருந்தால் மட்டும் கராஜ்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கழற்றும்போது மூன்று விடயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய வாஷரைத் திரும்பப் போடக் கூடாது. வாஷர் அமரும் இடத்தைக் கரியின்றித் துப்புரவாக்கிய பின்னரே புதியதை வைக்க வேண்டும். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் பொறிக்கப்பட்டுள்ள நீண்ட குறியீட்டை ஸ்கானர் மூலம் கணினிக்குக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் புதிய இன்ஜெக்டரும் பழையதைப் போலவே அடிக்கக்கூடும். பலர் தவறவிடுவது இந்தக் கடைசி வேலையைத்தான், ஏனெனில் அது கண்ணுக்குத் தெரியாத வேலை.

சத்தம் சூட்டிலும் நிற்காமல், ஏற்றத்தில் சுமையோடு மிதிக்கும்போது கூடுமானால் வாகனத்தை ஓட்டுவதை அன்றே நிறுத்துங்கள். அது பிஸ்டன் வரை சென்றுவிட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம்.

கேள்வி: எங்கள் வயல் வேலைக்கு நிற்கும் உழவு இயந்திரத்துக்கும் பிக்கப்புக்கும் ஒரே பரலிலிருந்துதான் டீசல் ஊற்றுகிறோம். அவசரத்துக்கு மண்ணெண்ணெய் கலந்தால் ஒன்றும் ஆகாது என்று என் மாமனார் சொல்கிறார். அந்த நாளில் அவர் அப்படித்தான் ஓடினாராம்.
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: உங்கள் மாமனார் சொல்வது அவர் காலத்துக்கு முற்றிலும் உண்மை. பொருளாதாரத் தடை இருந்த ஆண்டுகளில் வன்னியில் வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை அறியாதவர் நம்மிடையே குறைவு. ஆனால் அன்றைய எஞ்சின்கள் குறைந்த அழுத்தத்தில் இயங்கியவை, தேய்மானத்தைப் பொறுத்துக்கொண்டவை. கொமன் ரெயில் எஞ்சினிலோ உயர் அழுத்தப் பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் வழவழப்பைத் தருவதே அவற்றுக்குள் ஓடும் டீசல்தான். மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்புக் குறைவு என்பதால் பம்பின் உட்புறம் உரசித் தேயும். தேய்ந்த உலோகத் துகள்கள் ரெயில் வழியாக நான்கு இன்ஜெக்டர்களையும் சென்றடையும். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் விலை லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏற்றப்பட்ட பின்னர் கலப்பதால் மிஞ்சும் இலாபமும் சுருங்கிவிட்டது. பிக்கப்பில் ஒரு லீற்றர் கூடக் கலக்க வேண்டாம்.

பரல் பற்றியும் சொல்ல வேண்டும். அரைவாசி வெறுமையாக நிற்கும் பரலின் உட்சுவரில் இரவுக் குளிரில் நீர் துளிர்த்து அடியில் சேரும். பரலின் அடிவரை உறிஞ்சாமல் நாலு விரற்கடை விட்டு எடுங்கள்; துணியால் அல்லாமல் நுண்வலை வைத்த புனலால் வடியுங்கள். பிக்கப்பின் டீசல் பில்டருக்கு அடியில் நீரை வெளியேற்றும் திருகு இருக்கிறது. மாரி காலத்தில் மாதம் ஒரு தடவை அதைத் திறந்து பார்ப்பது நல்லது. நீர் விளக்கு எரிந்தால் உடனே திறக்க வேண்டும். இயலுமானால் பிக்கப்புக்கு மட்டுமாவது நிரப்பு நிலையத்திலிருந்து நேரடியாக அடியுங்கள்.

கேள்வி: பயணம் முடிந்ததும் டேர்போ எஞ்சினை உடனே நிறுத்தக் கூடாது என்கிறார்களே, சரியா?
— வாசகர், மாங்குளம்

பதில்: சரி, ஆனால் அளவுக்கு மீறி அஞ்ச வேண்டியதில்லை. ஏ9 வீதியில் வேகமாக ஓடி வந்து நேரே நிறுத்தினால் டேர்போவின் பெயாரிங்கில் நிற்கும் ஒயில் கருகும். ஒரு நிமிடம் ஓய்வோட்டத்தில் விட்டால் போதும். ஊருக்குள் மெதுவாக ஓடி வந்து நிறுத்துபவருக்கு அதுவும் தேவையில்லை. இதைவிட எனக்குக் கவலை தருவது மறுபக்கம். மடு ஆவணித் திருவிழாவிலும் வற்றாப்பளைப் பொங்கலிலும் குளிரூட்டிக்காக மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டுக் காத்திருக்கும் வான்களை ஆண்டுதோறும் காண்கிறோம். அந்த நேரத்தில் படியும் கரி, புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் ஈ.ஜி.ஆர். வால்வையும் உள்வாங்கும் குழாயையும் அடைப்பதோடு, டேர்போவின் அசையும் தகடுகளையும் ஒட்டவைத்துவிடும். தகடு ஒட்டினால் வாகனம் திடீரென வலு இழந்து தவழும்.

கிரவல் வீதியில் தினமும் ஓடுபவர் எயார் பில்டரைக் கைநூலில் சொன்ன தூரத்துக்குக் காத்திராமல் அதன் பாதியிலேயே மாற்ற வேண்டும். ஒயிலை 5,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்றினால் எங்கள் புழுதிக்கும் வெப்பத்துக்கும் பொருந்தும்.

கேள்வி: றேடியேற்றருக்குக் கிணற்றுத் தண்ணீர் விடலாமா?
— வாசகர், மல்லாவி

பதில்: வேண்டாம். உங்கள் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே எஞ்சினின் நீர்ப்பாதையிலும் படியும். 1கேடியின் ஹெட் அலுமினியம் என்பதால் ஒருமுறை அளவுக்கு மேல் சூடேறினாலே வளைந்துவிடக்கூடும். கூலன்டையே பாவியுங்கள். வழியில் வேறு வழியின்றிக் கிணற்று நீர் விட நேர்ந்தால் வீடு வந்ததும் முழுவதையும் வடித்து மாற்றுங்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த வான் ஒன்றை வாங்கினேன். மீற்றர் 86,000 கிலோமீற்றர் காட்டுகிறது. டைமிங் பெல்ட் விளக்கு இன்னும் எரியவில்லை. காத்திருக்கலாமா?
— வாசகர், வவுனியா

பதில்: அந்த விளக்கு பெல்ட்டின் நிலையைப் பார்த்து எரிவதில்லை, மீற்றரின் கணக்கைப் பார்த்து, 1,00,000 கிலோமீற்றரில் எரியும்படி வைக்கப்பட்டது. மீற்றரைத் திருத்தியிருந்தால் விளக்கின் கணக்கும் பொய்தான். அவுஸ்திரேலியாவில் இதே எஞ்சினுக்கு 1,50,000 கிலோமீற்றர் எனக் குறிக்கப்பட்டிருக்கிறது என்பதால், உண்மையான 86,000 என்றால் அவசரம் இல்லை. ஜப்பானில் ஏலம் விட்டபோது கொடுத்த ஏலத்தாளில் உள்ள தூரத்தோடு மீற்றரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஏலத்தாள் கிடைக்கவில்லை என்றால், பெல்ட்டையும் அதை இறுக்கும் உருளையையும் சேர்த்து இப்போதே மாற்றிவிடுங்கள். வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைப்பது இந்த பெல்ட்தான்; அது அறுந்தால் பிஸ்டன்கள் வால்வுகளில் மோதும். அதன் பின்னர் ஹெட்டைக் கழற்றாமல் வேலையில்லை. மாற்றிய நாளையும் மீற்றர் அளவையும் ஒரு தாளில் எழுதி பெல்ட் மூடியின்மேல் ஒட்டச் சொல்லுங்கள். விளக்கை அணைத்துக் கணக்கைப் புதிதாகத் தொடங்கும் வேலையையும் அப்போதே செய்விக்க வேண்டும்.