தொழில்வரி லிஸ்ட்டும் தையல் சர்டிபிகேட்டும் (வாசகர் கடிதமும் பதிலும்)

வணக்கங்க அண்ணா,

நான் கொங்குப் பக்கம் ஒரு நகராட்சில சமுதாய அமைப்பாளரா ஒப்பந்தத்துல வேலை பாக்கறேன். பேரும் ஊரும் போட வேண்டாங்க. போன மாசம் எங்களுக்கு ஒரு ட்ரெயினிங் வெச்சாங்க, அதுல பேசினவரு நியூயார்க்ல சிட்டி கவர்ன்மெண்ட்லயே வேலைவாய்ப்புக்குன்னு தனி டிபார்ட்மெண்ட் இருக்கு, அதே மாதிரி நம்ம நகராட்சிகள்லயும் தொடங்கணும்னு சொன்னாரு. எங்க சேர்மனுக்கு அது ரொம்பப் புடிச்சுப் போச்சு. கவுன்சில்ல தீர்மானம் கொண்டு வந்து, மேல்மாடில ஒரு ரூம் ஒதுக்கி, 'வேலைவாய்ப்பு மற்றும் திறன் பயிற்சிப் பிரிவு'ன்னு போர்டு மாட்டலாம்னு இருக்காங்க, என்னையத்தான் அதுல உக்கார வெக்கப் போறாங்களாம். எனக்கு சந்தோஷமாவும் இருக்கு பயமாவும் இருக்குங்க. ஏன்னா ரெண்டு வருசம் முன்னாடி நாங்களே 40 பொம்பளைங்களுக்கு தையல் பயிற்சி குடுத்தோம், 38 பேரு சர்டிபிகேட் வாங்கினாங்க, போட்டோ எல்லாம் எடுத்தோம், ஆறு மாசம் கழிச்சுப் பாத்தா நாலு பேருதான் பனியன் கம்பெனிக்குப் போய்ட்டு இருந்தாங்க. தனிப் பிரிவுன்னு ஒண்ணு இருந்திருந்தா இது மாறியிருக்குமாங்க அண்ணா? நீங்க முன்னாடி எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் பத்தி எழுதினதப் படிச்சிருக்கேன், அதனால கேக்கறேன்.

இப்படிக்கு ஒரு வாசகி

*

வணக்கம்மா.

மொதல்ல அந்த நியூயார்க் கதைய முடிச்சிடுறேன். உங்க ட்ரெயினிங்ல சொன்னவரு ஒரு இருபது வருஷம் லேட். நியூயார்க் சிட்டில வேலைவாய்ப்புக்குன்னு தனி டிபார்ட்மெண்ட் இருந்தது உண்மைதான், ஆனா அத 2003லயே மூடிட்டாங்க. மேயர் ப்ளூம்பெர்க் காலத்துல. 1998ல அமெரிக்காவுல ஒரு சட்டம் வந்துச்சு, வேலை தேடுறவன் பத்து ஆபீஸ் ஏறி எறங்காம ஒரே எடத்துல எல்லாம் கெடைக்கணும், அதுக்கு ஊர் ஊருக்கு சென்டர் தொறக்கணும், மத்திய அரசு பணம் குடுக்கும்னு. பணமும் வந்துச்சு. ஆனா இவ்ளோ பெரிய நகரத்துல சென்டர் தொறக்குற வேலை ஆமை வேகத்துல நடந்துச்சு, வந்த பணம் செலவாகாம கெடந்துச்சு, இதுக்கு நடுவுல 2001 செப்டம்பர் தாக்குதல் வேற, வேலை போனவங்க கூட்டம் கூட்டமா நிக்குறாங்க. கடைசில டிபார்ட்மெண்ட்டையே கலைச்சு ரெண்டாப் பிரிச்சாங்க. பெரியவங்களுக்கான வேலைத் திட்டம் எல்லாம் சிறுதொழில் சேவைத் துறைக்குப் போச்சு, பசங்களுக்கானது இளைஞர் நலத் துறைக்குப் போச்சு.

இதுல நான் கவனிக்கச் சொல்றது அந்த மொத பாதி. அந்தச் சிறுதொழில் துறைங்கிறது கடைக்காரங்களுக்கும் கம்பெனிக்காரங்களுக்கும் லைசென்ஸ் அது இதுன்னு ஒத்தாசை பண்ற துறை. வேலை தேடுறவன தூக்கிக் கொண்டு போய், ஆள் தேடுறவன் தெனமும் வந்து போற ஆபீஸ்ல உக்கார வெச்சாங்க. அதுவரைக்கும் வேலைவாய்ப்பு டிபார்ட்மெண்ட்காரங்களுக்கு கஸ்டமர்னா வேலையில்லாதவன் மட்டும்தான், இப்ப கம்பெனிக்காரனும் கஸ்டமர். அவனுக்கு போன் போட்டு உனக்கு எத்தன பேர் வேணும், எந்த வேலைக்கு, எப்பருந்துன்னு கேட்டுட்டு அப்புறம் ஆள் தேடுறது. வொர்க்ஃபோர்ஸ் ஒன்னுன்னு சென்டர்கள் நகரம் பூரா வந்துச்சு, வேலைல சேர்ந்தவங்க கணக்கும் நல்லா ஏறுச்சு.

அதுக்காக அது சொர்க்கம்னு நெனச்சுக்காத. கணக்கு ஏறுனதே பின்னாடி பிரச்சனை ஆச்சு. எத்தன பேர வேலைல சேத்தேன்னுதான் எண்ணுறாங்கன்னா ஆபீஸ்ல இருக்குறவன் எது சீக்கிரம் கெடைக்குமோ அதுல தள்ளி விடுவான், கடைல பில் போடுற வேலை, ஹோட்டல்ல தட்டெடுக்குற வேலைன்னு, சம்பளம் கம்மி, ஆறு மாசத்துல ஆள் திரும்ப அதே சென்டர் வாசல்ல. 2014ல அடுத்த மேயர் டி பிளாசியோ வந்து, அவசரத்துக்கு ஏதோ ஒரு வேலைங்கிறத விட்டுட்டு பயிற்சி, அதுக்கு மேல ஏறிப் போற மாதிரி வேலைன்னு திசைய மாத்துறோம்னு அறிவிச்சாங்க. அப்பவும் அரசு உதவித்தொகை வாங்குறவங்களுக்கான வேலைத் திட்டம் வேற ஒரு துறை கையில, பசங்க திட்டம் இன்னொண்ணு கையில, எல்லாத்தையும் கோர்க்க மேயர் ஆபீஸ்லயே தனியா ஒரு பிரிவு. தனி டிபார்ட்மெண்ட்ட மூடிட்டு, பிரிச்சதக் கோர்க்க மறுபடி ஒரு ஆபீஸ், இப்படித்தான் போய்ட்டு இருக்கு அங்க. அதனால 'தனிப் பிரிவு வேணுமா வேணாமா'ங்கிறது எனக்குப் பெரிய கேள்வியாப் படல. அந்தப் பிரிவோட மேசைய யார் பக்கத்துல போடுறதுங்கிறதுதான் கேள்வி.

இப்ப உன் ஊருக்கு வரேன்.

வேடிக்கை ஒண்ணு சொல்றேன் கேளு. ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் என்னென்ன வேலைகளக் குடுக்கலாம்னு அரசியல் சட்டத்துல ரெண்டு பட்டியல் இருக்கு, 1992ல திருத்தம் பண்ணிச் சேர்த்தது. ஊராட்சிகளோட பதினொன்னாவது அட்டவணைல 29 விஷயம், அதுல 17ஆவது தொழில்நுட்பப் பயிற்சியும் தொழிற்கல்வியும். நகராட்சிகளோட பன்னெண்டாவது அட்டவணைல 18 விஷயம், ரோடு, தண்ணி, சுடுகாடு, ஆடு மாடு அறுக்குற தொட்டி வரைக்கும் இருக்கு, நகர்ப்புற வறுமை ஒழிப்பும் இருக்கு, ஆனா தொழில் பயிற்சி, வேலைவாய்ப்புன்னு ஒரு வரி கிடையாது. பேக்டரியும் கடையும் நெறஞ்சு கெடக்குறது நகரத்துல, பயிற்சிங்கிற வார்த்தை இருக்குறது கிராமத்துப் பட்டியல்ல! அதனால நம்ம ஊர்ல நகராட்சி இந்த வேலைக்குள்ள வந்ததே வறுமை ஒழிப்புங்கிற சின்னக் கதவு வழியாத்தான். மொதல்ல 1997ல வந்த சொர்ண ஜெயந்தி திட்டம், அப்புறம் 2013ல தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், நீங்கல்லாம் என்யூஎல்எம்னு சொல்றது. அதுவும் 2024 செப்டம்பரோட முடிஞ்சு போச்சு. மத்தபடி வேலைவாய்ப்பு ஆபீஸ் ஒரு துறை, மாவட்டத் தொழில் மையம் ஒரு துறை, மகளிர் திட்டம் ஒரு பக்கம், திறன் மேம்பாட்டுக் கழகம், நான் முதல்வன் எல்லாம் இன்னொரு பக்கம், எல்லாத்துக்கும் ஆபீஸ் இருக்குறது மாவட்டத் தலைநகர்ல. உன் ஊர்ப் பொண்ணு ஒரு நாள் கூலிய விட்டுட்டு பஸ் ஏறிப் போகணும், போனா இன்னொரு ஆபீஸ கை காட்டுவாங்க.

எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் பத்தி முன்ன எழுதினதுல ஒண்ணு விட்டுட்டேன். நானும் பிளஸ் டூ முடிச்சு விடியக்காலைல போய் வரிசைல நின்னு பதிஞ்சவன்தான், மூணு வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிச்சு புதுப்பிச்சு அந்த அட்டைய மஞ்சப் பையில வெச்சிருந்தேன், கடைசி வரைக்கும் இன்டர்வியூக்குக் கூப்பிட்டு ஒரு கார்டு கூட வரல. அப்ப ஆபீஸ்காரங்க மேலதான் கோவம். பின்னாடிதான் தெரிஞ்சுது, அப்ப இருந்த 1959 சட்டப்படி 25 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற தனியார் நிறுவனம் காலியிடத்த இவங்களுக்குத் தெரிவிக்கணும், அவ்வளவுதான். இவங்க அனுப்புற ஆளத்தான் எடுக்கணும்னு அந்தச் சட்டத்துல இருந்ததில்ல. ஆள் தேடுறவன் அந்தப் பக்கமே வராத ஆபீஸ்ல போய் ஊர்ல உள்ள வேலை தேடுறவன் அத்தன பேரும் பேர் எழுதி வெச்சோம். நியூயார்க்ல 2003ல மாத்துனாங்கன்னு சொன்னேனே, அதே கோளாறுதான் இங்கயும்.

உன்னோட 40 பேர் கணக்குக்கு வா. தனிப் பிரிவு இருந்திருந்தா மட்டும் மாறியிருக்காதும்மா. ஏன்னா அந்தப் பயிற்சிக்குப் பணம் குடுக்குற முறையே அப்படி. மத்திய அரசோட திறன் பயிற்சி பொது விதிமுறைன்னு 2015ல வந்துச்சு, அதுப்படி பயிற்சி நிறுவனத்துக்கு ஆரம்பிக்கும்போது 30 சதவீதம், சர்டிபிகேட் குடுத்ததும் 50 சதவீதம், வேலைல சேத்து நிரூபிச்சா மிச்சம் 20. அதாவது சர்டிபிகேட் கைல வந்த அன்னிக்கே 80 சதவீதம் பணம் வந்தாச்சு. மிச்ச 20க்காக ஒவ்வொருத்தி வீட்டுக்கும் அலைஞ்சு, கம்பெனில பேசி, சம்பள ரசீது வாங்கி அப்லோடு பண்றத விட அடுத்த பேட்ச் ஆரம்பிச்சா மறுபடி 30, 50 வந்துரும். நான் நிறுவனம் நடத்துனாலும் அதத்தான் செய்வேன், பொய் சொல்லல. உங்க பேட்ச்சுக்கு எந்த விதில பணம் போச்சுன்னு ஃபைல்ல பாரு.

அப்புறம் அந்தப் பயிற்சி எந்த மெஷின்ல நடந்துச்சு? நீ எழுதல, ஆனா எனக்கு ஒரு சந்தேகம். பயிற்சி மையத்துல பெரும்பாலும் கால்ல மிதிக்கிற சாதா மெஷின் இல்லன்னா பழைய மோட்டார் போட்ட மெஷின், பிளவுசும் பாவாடையும் தைக்கக் கத்துக் குடுப்பாங்க. பனியன் கம்பெனிக்காரன் கேக்குறது ஓவர்லாக், பேட்லாக், பவர்டேபிள்னு வேகமா ஓடுற கம்பெனி மெஷின் பழக்கம். பிளவுஸ் தச்ச பொண்ணு பவர்டேபிள்ல உக்காந்தா மெஷின் ஓடுற வேகத்துக்கே பயந்து எந்திரிச்சிரும். அப்படியே பழகிட்டாலும் ஒன்றரை ஷிப்ட் பாக்கணும்பான், காலைல போனா ராத்திரி எட்டரை, வீட்டுக்கு வர ஒம்போதரை. பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளைக்கு யாரு சோறு போடுறது? சர்டிபிகேட் வாங்கியும் வேலைல இல்லாத அந்த 34 பேரும் வேலை வேணாம்னு சொல்லியிருக்க மாட்டாங்க, அந்த நேரம்தான் ஒத்து வந்திருக்காது. இதுக்கு இன்னொரு பயிற்சி மருந்து இல்ல, கம்பெனி வேன் உங்க வார்டு வழியா வருமா, ஒரு ஷிப்டோட விடுவானான்னு யாராவது பேசியிருக்கணும். பேசுறதுக்கு கம்பெனிக்காரன் யாருன்னு தெரிஞ்சிருக்கணும்.

அது யாருக்குத் தெரியும்னா, உங்க நகராட்சிலயே கீழ் மாடில வருவாய்ப் பிரிவுல இருக்குற பில் கலெக்டருக்குத் தெரியும். சம்பளத்துல புடிக்கிற தொழில்வரிய நகராட்சிதான வசூல் பண்ணுது? அரையாண்டுக்கு ஒரு தடவ ஒவ்வொரு கம்பெனியும் இத்தன பேர் வேலை பாக்குறாங்க, இன்னின்ன சம்பளம்னு லிஸ்ட் குடுத்துத்தான் கட்டணும். ஊர்ல யார் ஆள் வெச்சிருக்கான், எத்தன பேர், என்ன சம்பளம்னு உங்க ஆபீஸ்லயே நோட்டு இருக்கு. அது இல்லாம தொழில் உரிமம் வாங்குனவங்க பட்டியல், தெருவோர வியாபாரி கணக்கெடுப்பு எல்லாம் இருக்கு. லிஸ்ட்ல கள்ளம் இருக்கும்தான், நூறு பேர் வேலை பாக்குற எடத்துல முப்பதுன்னு காட்டுவான், சம்பளத்தையும் கொறச்சுக் காட்டுவான், ஆனா பில் கலெக்டர் நேர்ல போய் வர்றவரு, அவருக்கு நெசம் தெரியும். வேலைவாய்ப்பு ஆபீஸுக்குக் கெடைக்காத தகவல் இது. இவ்ளோ வருஷமா இத வரி வசூலுக்கு மட்டும்தான் பாத்திருக்கோம்.

அதனால சேர்மன்கிட்ட சொல்லு, மேல்மாடி ரூம் வேணாம், போர்டும் அப்புறம் பாத்துக்கலாம், வருவாய்ப் பிரிவு கவுண்டருக்குப் பக்கத்துல ஒரு மேசை போதும்னு. வரி கட்ட வர்ற கம்பெனி அக்கவுண்டன்ட்ட அங்கயே புடிச்சு ரெண்டு வார்த்தை பேசலாம். கட்டாயம் பண்ணாத. வரி பாக்கியையும் ஆள் எடுக்குறதையும் முடிச்சுப் போட்டுப் பேசிடாத, அது வேற வம்புல போய் முடியும்.

நியூயார்க்கிட்ட இருந்து எடுத்துக்கணும்னா நான் எடுக்குறது இன்னொண்ணு. 2015 வாக்குல ஹயர் என்ஒய்சின்னு ஒரு விதி கொண்டு வந்தாங்க. சிட்டிகிட்ட 10 லட்சம் டாலர், அதுக்கு மேல கான்ட்ராக்ட் எடுக்குறவன், அந்த வேலைக்குப் புதுசா ஆள் எடுத்தா மொதல்ல அந்தச் சென்டர்ல காலியிடத்தச் சொல்லி, அவங்க அனுப்புற ஆளப் பாக்கணும். எடுத்தே ஆகணும்னு இல்ல. நம்ம பழைய 1959 சட்டம் மாதிரிதான, இது மட்டும் எப்புடி எடுபடும்னு கேப்ப. வித்தியாசம் என்னன்னா பில் பாஸ் பண்ற கையும் ஆள் அனுப்புற கையும் ஒண்ணு. உங்க நகராட்சியும் தெருவிளக்கு, குடிநீர் பைப்பு, கட்டடம்னு டெண்டர் விடுதுல்ல? டெண்டர் நிபந்தனைல இதே மாதிரி ஒரு வாசகம் சேர்க்க முடியுமான்னு கமிஷனர்கிட்ட கேளு.

ஆனா ஒண்ணுல மட்டும் உஷாரா இருந்துக்கோ. நகராட்சிக்கே கூலி ஆள் புடிச்சுக் குடுக்குற மேசையா அத ஆக்கிடப் பாப்பாங்க. சென்னைல நடந்ததப் பாத்தேல்ல? 2025 ஆகஸ்ட்ல ரிப்பன் மாளிகை வாசல்ல ராத்திரி பகலா உக்காந்திருந்தாங்களே தூய்மைப் பணியாளர்கள், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத்துக்காரங்க, அவங்க என்யூஎல்எம் பேர்ல சுய உதவிக் குழு வழியா எடுக்கப்பட்டவங்க. வருஷக்கணக்கா மாநகராட்சித் தெருவக் கூட்டினாங்க, நிரந்தரம் கேட்டா நீங்க மாநகராட்சி ஊழியர் இல்லன்னு பதில், அந்த ரெண்டு மண்டலத்தையும் தனியாருக்குக் குடுத்தப்ப தெருவுல நின்னாங்க. வாழ்வாதார இயக்கம்னு பேர், வேலை மட்டும் மாநகராட்சியோட வேலை, பொறுப்பு யாருக்கும் இல்ல. உன் மேசைக்கு மொத கோரிக்கை உள்ளூர் கம்பெனிகிட்ட இருந்து வராது பாரு, உங்க சுகாதாரப் பிரிவுல இருந்துதான் வரும், 'குப்பைக்கு இருபது பேர் அனுப்பும்மா'ன்னு. என்ன சம்பளம், யார் குடுக்குறா, பி.எப். உண்டான்னு எழுத்துல கேளு. நீயே ஒப்பந்தம்ங்கிறதால கேக்கக் கஷ்டமாத்தான் இருக்கும், தெரியும்.

கணக்கு என்ன வெக்கிறதுன்னு நீ கேக்கல, இருந்தாலும் சொல்றேன். சேர்மன் மாசா மாசம் 'எத்தன பேருக்கு வேலை'ன்னு கேப்பாரு, அத அவருக்குக் குடு. நீ தனியா ஒரு நோட்டு போட்டு, சேர்ந்தவங்க ஆறாவது மாசம் எங்க இருக்காங்க, போகலன்னா ஏன் போகல, அத அவங்க வாயால சொன்ன மாதிரியே எழுது. அந்த 34 பேர்ல இருந்தே ஆரம்பிக்கலாம், பாதிப் பேர் போன் நம்பர் உன்கிட்ட இருக்கும்.

கவுன்சில் கூட்டம் எந்தத் தேதின்னு எழுதல நீ. அதுக்கு முன்னாடி அந்த பில் கலெக்டரோட ஒரு டீ குடிச்சிரு. இன்னும் வேலைக்குப் போய்ட்டு இருக்குற நாலு பேர் எந்த மெஷின்ல இருக்காங்க, எந்த வேன்ல போறாங்கன்னு கேட்டு எனக்கு எழுது, அது எனக்கே தெரிஞ்சுக்கணும்.