வாங்கிய சத்தியத்தைத் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி: எனக்கு 26 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் கணக்கு எழுதுகிறேன். நவம்பரில் எட்டு நாள் லீவு போட்டு, புதுச்சேரியிலிருந்து கன்னியாகுமரி வரை கடலோரமாகவே பைக்கில் தனியாகப் போக ஆசை. நான்கு வருடங்களுக்கு முன் மேட்டுப்பாளையம் ரோட்டில் நடந்த விபத்தில் அப்பா இறந்தார். அதிலிருந்து நான் வண்டி எடுத்தாலே அம்மாவுக்குப் பயம். அதனால் கோவையில் டிரெய்னிங் என்று சொல்லப் போகிறேன். பிளஸ் டூ படிக்கும் தங்கச்சிக்கு மட்டும் ரூட் தெரியும், யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டேன். வண்டிக்குப் புது டயர் மாட்டியாச்சு. மனசுதான் உறுத்துகிறது. போகலாமா?

பதில்: தம்பி, வீட்டுக்குத் தெரியாமல் வண்டியைக் கிளப்பத் துடிக்கும் பிள்ளைகளின் கடிதம் எனக்கு அடிக்கடி வருகிறது. அந்தப் பொய் எனக்குப் பழகிப்போன ஒன்று. டயருக்கு முந்தைய வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, தங்கச்சியிடம் சத்தியம் வாங்கியதாக, அதைப் படித்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

அந்தப் பெண்ணுக்குப் பதினேழு வயது இருக்குமா? அப்பா போனபோது பதிமூன்று. அம்மாவுக்குப் பயம் என்று எழுதத் தெரிந்த உங்களுக்கு, தங்கைக்கும் அது இருக்கும் என்று ஏன் தோன்றவில்லை? செத்துப்போனவர் அவளுக்கும் அப்பாதானே?

நீங்கள் தேர்ந்தெடுத்த மாதமோ நவம்பர். ஒரு நாள் சாயங்காலம் டி.வி.யில் கீழே ஓடும்: பாம்பன், தூத்துக்குடி துறைமுகங்களில் 3-ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, அண்ணன் கோயம்புத்தூர்ல இருக்கான்" என்பார். நீங்கள் பாம்பனில் இருப்பது அந்த வீட்டில் ஒருத்திக்குத்தான் தெரியும். புத்தகத்தை மூடிவிட்டு, டவர் கிடைக்கும் மேட்டுக்குப் போய் உங்களைக் கூப்பிடுவாள். ரெயின்கோட்டுக்குள் கிடக்கும் போன் உங்களுக்குக் கேட்காது. அவள் திரும்பி வந்து அம்மாவுக்கு எதிரே சாப்பிட உட்கார வேண்டும். "ஏன்டி சாப்பிடல?" என்று கேட்டால் என்ன சொல்வாள்? சத்தியம் பண்ணியிருக்கிறாளே!

அம்மாவுக்குப் பயம் வராமல் பார்த்துக்கொண்டதாக நினைக்கிறீர்கள். அந்தப் பயத்தை அப்படியே தூக்கிச் சின்னப் பெண்ணின் தலையில் வைத்திருக்கிறீர்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால், அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்று ஆயுசு முழுக்க அவள் மருகுவாள். அப்பா இல்லாத வீட்டில் மூத்த பிள்ளை கவலையில் பெரிய பங்கைச் சுமக்க வேண்டும், கடைக்குட்டி மேல் இறக்கி வைக்கக் கூடாது. பழைய ஆள் என்று நீங்கள் சொன்னாலும் சரி, இதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன்.

மாதத்தையும் மாற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை கடலோரத்தைப் போட்டுப் புரட்டும் காலம் அது. 2018-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது நவம்பரில்தான். 2009 நவம்பரில் நம் மலையில் மண் சரிந்து நாற்பது பேருக்கு மேல் செத்ததும், ரோடுகள் அடைபட்டதும் கோத்தகிரிக்காரருக்கு நினைவிருக்க வேண்டும். அப்படி ஒரு மழை மறுபடி பிடித்தால் வீட்டில் அந்த இருவர் மட்டும் இருப்பார்கள், நீங்கள் தொண்டியில் நின்றுகொண்டிருப்பீர்கள்.

சரி, போகலாமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போகலாம். சம்பாதிக்கிற பிள்ளை, கடலைப் பார்த்தபடி நாலு நாள் தனியாக வண்டி ஓட்ட ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான். அழுவார். சோறு வேண்டாம் என்பார். குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேளுங்கள். கடைசிவரை வேண்டாம் என்றே சொன்னாலும் நீங்கள் கிளம்பலாம், இருபத்தாறு வயதுக்காரனைக் கட்டிப்போட எந்தத் தாய்க்கும் உரிமை இல்லை என்பது என் கட்சி. ஆனால் பெற்ற பிள்ளை இன்றைக்கு எந்த ஊரில் படுத்திருக்கிறான் என்று தெரிந்துகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு.

ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: புதுச்சேரி, வேளாங்கண்ணி, தொண்டி, ராமேஸ்வரம், தூத்துக்குடி, கன்னியாகுமரி. எந்த ராத்திரி எந்த ஊர் என்று தேதி போட்டு, தங்கும் இடத்தின் போன் நம்பரோடு. தாள் அடுப்படியில் அம்மா கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டியிருக்கட்டும். இருட்டுவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டு நீங்களே போன் பண்ண வேண்டும். இரண்டாவது கியரில் கொண்டை ஊசி வளைவு இறங்கிப் பழகிய கைக்கு, நேர் ரோடும் பக்கவாட்டுக் கடல்காற்றும் புதிது. லாரியைத் தாண்டும்போது, அது மறைத்திருந்த காற்று சட்டென்று வண்டியைத் தள்ளும். தனுஷ்கோடியில் அரிச்சல்முனை ரோட்டின் மேல் மணல் வந்து படிந்து கிடக்கும், அங்கே முன் பிரேக்கை அழுத்திப் பிடிக்காதீர்கள். மலைக்காரர் உடம்புக்கு அந்த வெயில் ஆகாது, நடுப்பகலில் ஓட்டாமல் நிழலில் இருங்கள்.

முதலில் இன்றைக்கே தங்கையைக் கூப்பிட்டு, "நீ பண்ணின சத்தியம் வேண்டாம்மா, அம்மாகிட்ட நானே சொல்லிடறேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் பொங்கல் முடிந்ததும் கிளம்புங்கள். பிப்ரவரியில் அவளுக்குச் செய்முறைத் தேர்வு தொடங்கிவிடும், அதற்குள் வீடு வந்து சேருங்கள்.