ஆக்டிவ் சஸ்பென்ஷன் அதிக மின்சாரம் எடுக்கிறது – பதில்

ஆக்டிவ் சஸ்பென்ஷனை, அதாவது வெளியிலிருந்து விசை கொடுத்துக் குலுக்கலைக் குறைக்கும் அமைப்பை, குவார்ட்டர் கார் சிமுலேஷனில் (ஒரு சக்கரமும் அதன் மேல் வரும் பாடியின் பங்கும் மட்டும் உள்ள மாடல்) ஓட்டியபோது குலுக்கல் நன்றாகக் குறைந்துவிட்டது, ஆனால் அந்த விசையைக் கொடுக்கும் ஆக்சுவேட்டர் மின்சாரத்தை விழுங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். வண்டியின் எடையை ஆக்சுவேட்டர் தாங்குகிறதா என்று முதலில் பாருங்கள். தாங்கினால் சும்மா நிற்கும்போதே செலவாகும்; அதைச் சுருள்வில்லிடம் விட்டுவிடுங்கள்.

அப்புறம், முக்கியமான விஷயம். நீங்கள் கொடுத்த சக்கர நிறை 40 கிலோ, டயர் விறைப்பு மீட்டருக்கு 1,90,000 நியூட்டன். இந்த இரண்டையும் வைத்துச் சக்கரம் டயரின் மேல் துள்ளும் இயல்பு அதிர்வெண்ணைக் கணக்கிட்டால் சுமார் 11 ஹெர்ட்ஸ் வரும். டயரின் தணிப்பை (அதிர்வை அடக்கும் தன்மையை) சேர்க்காத மாடலில், அந்த அதிர்வெண்ணில் ஆக்சுவேட்டர் என்ன விசை கொடுத்தாலும் பாடியின் முடுக்கம் மாறவே மாறாது. சொகுசுக்காக அங்கே செலவழிப்பது முழுக்க வீண். ஆக்சுவேட்டருக்குப் போகும் கட்டளையை 5 ஹெர்ட்ஸ் லோ-பாஸ் ஃபில்டர் (அதற்கு மேற்பட்ட வேகமான அதிர்வுகளைக் குறைக்கும் வடிகட்டி) வழியே அனுப்புங்கள், 5 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைச் சாதாரண டேம்பர் (ஷாக் அப்சார்பர்) பார்த்துக்கொள்ளட்டும். ஃபில்டரையும் மாடலில் சேர்த்தே எல்க்யூஆர் கெயினை (குலுக்கலையும் செலவையும் சமன்செய்து எவ்வளவு விசை கொடுப்பது என்று தீர்மானிக்கும் கட்டுப்பாட்டு எண்களை) மறுபடி கணக்கிடுங்கள், இல்லையென்றால் ஃபில்டரால் வரும் தாமதம் படுத்தும்.