விடுமுறைக் காப்பகத்தில் மதியத்துக்கு மேல் நான் ஒருத்திதான் இருப்பேன். என்னென்ன கவனிக்க வேண்டும்?

கோடை விடுமுறைக்கு ஒரு டே கேரில் சேர்ந்திருப்பதாகவும், 2 மணிக்கு மேல் பன்னிரண்டு குழந்தைகளோடு தனியாக இருக்க வேண்டியிருக்கும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் திருச்சியில் ஏழு வருடமாக ஏப்ரல், மே மாதங்களில் இதே வேலை செய்கிறேன். முதலில், சேர்ந்த வருடம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

அன்று ஆயாம்மா லீவு. நடத்துகிற மேடம் பேங்குக்குப் போயிருந்தார். குழந்தைகள் பதினான்கு பேர். மூன்றரை மணி இருக்கும், ஏழு வயதுப் பையன் ஒருவன் வாசல்படியில் இடறி விழுந்து தாடை கிழிந்துவிட்டது. துப்பட்டாவை மடித்து அழுத்திப் பிடித்துக்கொண்டு மறு கையால் மேடத்துக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. பையனுடைய அம்மா நம்பரோ மேடத்தின் போனில்தான் இருந்தது. ஒருவழியாக ரத்தம் நின்று நிமிர்ந்து எண்ணினால் பதின்மூன்று தலை. ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று கேட்டைத் திறந்துகொண்டு தெருமுனைப் பெட்டிக்கடை வரை போய்விட்டாள். கடைக்கார அண்ணாச்சி கையைப் பிடித்துக் கூட்டி வந்து விட்டார். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அடிபட்டவனை நான் சரியாகத்தான் கவனித்தேன். மற்ற பதின்மூன்று பேரைப் பார்க்கத்தான் ஆள் இல்லை. அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: கூப்பிட்டால் ஐந்து நிமிடத்தில் வந்து நிற்கப் போகும் இரண்டாவது ஆள் யார்? "நான் போனில் இருப்பேன்" என்று மேடம் சொல்வது போதாது. பக்கத்திலேயே இருக்கும், மேடத்துக்கு நன்றாகத் தெரிந்த, முன்கூட்டியே சம்மதம் சொன்ன ஒருவர் வேண்டும். இப்போது நான் இருக்கும் இடத்தில் மாடி வீட்டு அக்கா. விடுமுறை தொடங்கும் முதல் நாளே ஒரு முறை சும்மா கூப்பிட்டு, அவர் இறங்கி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்துக்கொள்வோம்.

அப்புறம், ஒவ்வொரு மணிக்கும் தலை எண்ணி மேடத்துக்கு "12 பேர், எல்லாரும் நலம்" என்று வாட்ஸ்அப் போடுவேன். பத்து நிமிடம் தாமதமானால் அவர் என்னைக் கூப்பிட வேண்டும். நான் எடுக்காவிட்டால் அக்காவை அனுப்ப வேண்டும். எனக்கே மயக்கம் வந்து விழுந்தாலும் யாருக்காவது தெரிய வேண்டுமில்லையா? போன் எப்போதும் இடுப்புப் பையில்தான் இருக்கும். பெற்றோர் இருவரின் நம்பர், பக்கத்து மருத்துவமனை, ஆம்புலன்சுக்கு 108, குழந்தைகள் உதவி எண் 1098 எல்லாம் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருக்கிறது.

தனியாக இருக்கும் நேரத்தில் சில விஷயங்களைத் தொடவே மாட்டேன். தண்ணீர் விளையாட்டு, மொட்டை மாடி, அடுப்பு மூன்றும் கிடையாது. நிலக்கடலையும் முழுத் திராட்சையும் கொடுப்பதில்லை. தொண்டையில் சிக்கி மூச்சு முட்டினால் குழந்தையை முன்பக்கம் குனிய வைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை பலமாகத் தட்ட வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவி கொடுப்பது, வாயில் எதையாவது வைப்பது எல்லாம் வேண்டாம். இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொள்வதை விடச் செய்து பழகுவதுதான் கைகொடுக்கும். ரெட் கிராஸ் போன்ற அமைப்புகள் முதலுதவிப் பயிற்சி நடத்துகின்றன.

கேட்டைப் பூட்டுப் போட்டுப் பூட்டாதீர்கள், தீ பிடித்தால் திண்டாட்டம். சின்னக் கை எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைக்கச் சொல்லுங்கள். கூட்டிப் போக வருகிறவர் பெயர் பட்டியலில் இல்லையென்றால் கிரில்லைத் திறக்காமலே பேசுங்கள். ஒரு தடவை "நான் சித்தப்பாம்மா" என்று ஒருவர் வந்தார், குழந்தையும் அவரைப் பார்த்துச் சிரித்தது. ஆனாலும் அம்மாவிடம் போனில் கேட்கும் வரை அனுப்பவில்லை. அவருக்குக் கோபம்தான். பரவாயில்லை.

சின்னவர்களை பாத்ரூமுக்குக் கூட்டிப் போகும்போது கதவு பாதி திறந்தே இருக்கட்டும், ஹால் உங்கள் கண்ணில் பட வேண்டும். சாயங்காலம் கடைசிக் குழந்தை மட்டும் மிச்சமிருக்கும்போது வாசல் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள். அது குழந்தைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

அந்த அமைதியான நேரத்தில்தான் குழந்தைகள் மனதில் இருப்பதைச் சொல்வார்கள். யாரோ தப்பாகத் தொட்டதாக ஒரு குழந்தை சொன்னால், "மேடம் வரட்டும்" என்று தள்ளிப் போடாதீர்கள். குழந்தை சொன்ன வார்த்தையிலேயே நேரத்தோடு எழுதி வைத்துவிட்டு, காவல் துறைக்குத் தெரிவியுங்கள். 1098-லும் உதவி கிடைக்கும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012 போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிறுவனத்தை நடத்துகிறவர் மறைத்தால் ஒரு வருடம் வரை.

இரண்டாவது ஆளுக்கு வழியே இல்லை என்று சொன்னால் அந்த நேரத்தை ஒத்துக்கொள்ளாதீர்கள். நான் அப்படி ஓர் இடத்தை விட்டுவிட்டு, மாதம் ஆயிரம் ரூபாய் குறைவான இந்த இடத்துக்கு வந்தேன். நாளைக்கே கேட்டுவிடுங்கள். மேடம் என்ன சொன்னார் என்று கமெண்டில் எழுதினால், அதை வைத்து மேற்கொண்டு பேசலாம்.