கலிபோர்னியாவின் தங்கவேட்டைப் பகுதியில் ஒரு வார இறுதிதான் இருக்கிறது, கொலோமா மட்டும் பார்த்தால் போதுமா?

போதாது என்பதுதான் என் பதில். சாக்ரமெண்டோவில் தங்குகிறீர்கள், கையில் இரண்டு நாள் இருக்கிறது என்றால், கொலோமாவுக்கு அரை நாள் கொடுத்துவிட்டு மீதியை கிராஸ் வேலி, நெவாடா சிட்டி பக்கம் செலவிடுங்கள். (நெவாடா சிட்டி இருப்பதும் கலிபோர்னியாவில்தான்.)

கொலோமா அழகான இடம். 1848 ஜனவரி 24 அன்று, ஜான் சட்டர் என்ற நிலச்சுவான்தாருக்காகக் கட்டிக்கொண்டிருந்த மர அறுவை ஆலையின் வாய்க்காலில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்கைப் பார்த்தது அங்கேதான். ஆனால் அது கதையின் முதல் பக்கம் மட்டுமே. தட்டில் மணலை அலசித் தனியாள் பிழைத்த காலம் சில வருடங்களில் முடிந்துவிட்டது. அதற்கப்புறம் தங்கம் எடுக்கப் பெரிய முதலீடு வேண்டியிருந்தது, இயந்திரங்களும் கூலியாட்களும் வேண்டியிருந்தார்கள்.

அதைப் பார்க்கத்தான் கிராஸ் வேலியின் எம்பயர் சுரங்கம். 1850இல் தொடங்கி 1956 வரை ஓடியது. பூமிக்கடியில் 367 மைல் நீளத்துக்குச் சுரங்கப் பாதைகள், மொத்தம் 58 லட்சம் அவுன்ஸ் தங்கம். பிரதான சுரங்க வாயில் கொஞ்சம் படியிறங்கி நின்று பார்க்கலாம். தண்டவாளம் சரிவாக இருட்டுக்குள் இறங்கும். ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து போன வண்டி அதன்மேல்தான் இறங்கியது. இப்போது கீழே முழுக்கத் தண்ணீர்.

அங்கே உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து வந்தவர்கள். கடினப் பாறையைக் குடைவதிலும் நீரை இறைத்து வெளியேற்றுவதிலும் கைதேர்ந்தவர்கள். கோலார் தங்கவயலுக்கும் இதே கார்ன்வால்காரர்கள் வந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கீழே ஆழத்தில் இறங்கி உழைத்தவர்களில் மிகுதி நம் தமிழர்கள். அந்தக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு எம்பயர் வெறும் சுற்றுலாத் தலமாகத் தெரியாது. கிராஸ் வேலியில் பாஸ்டி இன்றும் கிடைக்கிறது, மாவுக்குள் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து மடித்துச் சுட்டது, சுரங்கத்துக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு. மதியத்துக்கு அதையே சாப்பிடுங்கள்.

ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் மாலகோஃப் டிக்கின்ஸைத்தான் சொல்வேன். நெவாடா சிட்டிக்கு வடகிழக்கே மலைப்பாதையில் போக வேண்டும். அங்கே மலையையே தண்ணீரால் அறுத்தார்கள். உயரத்தில் நீரைத் தேக்கி, வாய்க்கால் வெட்டி, இரும்புக் குழாயில் இறக்கினால் வருகிற அழுத்தத்தை ஒரு முனை வழியே பீய்ச்சி அடிப்பார்கள். அந்தக் கருவிக்கு மானிட்டர் என்று பெயர். நார்த் புளூம்ஃபீல்ட் கிராமத்தில் ஒன்றை வைத்திருக்கிறார்கள், பீரங்கி என்றே நினைக்கத் தோன்றும். கரைந்து வந்த சரளை மரத் தொட்டிகளில் ஓடும், அதில் ஊற்றிய பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மிச்சச் சேறு முழுவதும் யூபா ஆற்றுக்கு. வாய்க்கால் வெட்டியவர்களில் சீனர்கள் ஏராளம். அயல்நாட்டுச் சுரங்கத் தொழிலாளர் வரி என்று 1852இல் மாதம் 3 டாலர் வசூலிக்கத் தொடங்கிய அரசு, அதை முக்கியமாக அவர்கள் தலையில்தான் கட்டியது.

இறங்கிய சேறு சமவெளியில் வயல்களை மூடியது. மேரிஸ்வில் நகரத்தில் ஆற்றுப்படுகை தெருவைவிட உயர்ந்து, வெள்ளம் வாடிக்கையாயிற்று. எட்வர்ட்ஸ் உட்ரஃப் என்ற சொத்துக்காரர் 1882இல் வழக்குப் போட்டார். 1884 ஜனவரியில் நீதிபதி லொரென்ஸோ சாயர், கழிவை ஆற்றில் கொட்டக் கூடாது என்று தீர்ப்பளித்தார். தங்க முதலாளிகள் கொடிகட்டிப் பறந்த மாநிலத்தில் விவசாயிகள் பக்கம் நின்ற தீர்ப்பு அது. மாலகோஃபில் மலையை அறுத்து உண்டான பள்ளத்தைவிட எனக்குப் பெரிய விஷயம் அதுதான்.

பள்ளத்தின் விளிம்பில் நின்றால் வெள்ளையும் காவியுமாக அடுக்கடுக்கான மொட்டைப் பாறைச் சுவர் தெரியும், அடியில் பைன் மரங்கள் திரும்ப முளைத்திருக்கின்றன. அழகாக இருக்கிறது என்று படமெடுப்பவர்கள் பாதரசத்தையும் நினைத்துக்கொள்ள வேண்டும். கீழே எங்கில்பிரைட் நீர்த்தேக்கத்தில் பிடிக்கும் மீனை அளவோடுதான் சாப்பிட வேண்டும் என்று இன்றும் எச்சரிக்கை இருக்கிறது. இந்த மண்ணின் ஆதிக்குடிகளான நிசெனான் மக்களும் இன்னும் இங்கே இருக்கிறார்கள். 1964இல் பறிக்கப்பட்ட அரசு அங்கீகாரத்தைத் திரும்பக் கேட்டுப் போராடுகிறார்கள். தங்கத்தின் கதையை அவர்களை விட்டுவிட்டுச் சொல்வது நியாயமே இல்லை.

சரி, நடைமுறை விஷயம். மாலகோஃப் பாதையில் கடைசிப் பகுதி மண்சாலை, குளிர்காலத்தில் பனி விழும், அதனால் மே முதல் அக்டோபர் வரை நல்லது. பெட்ரோலும் தண்ணீரும் நெவாடா சிட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். கையில் டார்ச் இருந்தால் ஹில்லர் வடிகால் சுரங்கத்துக்குள் நடந்து பார்க்கலாம், கால் நனையும். எல்லாரும் சொல்லும் போடி, ஆட்கள் கைவிட்டுப் போன பழைய சுரங்க ஊர், சியரா நெவாடா மலைத்தொடரின் மறுபக்கம் இருக்கிறது. இந்தப் பயணத்தில் அதைச் சேர்க்காதீர்கள், அதற்குத் தனியாக ஒரு கோடைக்காலம் ஒதுக்குங்கள்.